ஆறு வருடம் முந்திய கணினி

எடை அளவைத் துறையின் தலைமை அலுவலகத்தில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை மணி அடிப்பார்கள். காலை பதினோரு மணிக்கு ஒன்று, பிற்பகல் மூன்று மணிக்கு ஒன்று. அடித்ததும் நாற்பது மேசைகளிலும் உட்கார்ந்திருக்கிற நாற்பது பேரும் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட வேண்டும். அதற்கு ஒத்திசைவு நேரம் என்று பெயர், பேச்சில் 'சிங்க்'. நாற்பது கணினிகளும் தம்மிடம் இருக்கிற கோப்புறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருந்தால், எது புதியதோ அதை வைத்துக்கொண்டு பழையதை எல்லா இடத்திலும் அழித்துவிடும். விஷயம் இவ்வளவுதான். கணினிகள் இதை ஆறு நிமிடத்தில் முடித்துவிடும். அலுவலகத்துக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

ஆரம்பத்தில் கையை எடுத்தால் போதும் என்றுதான் இருந்தது. யாரோ ஒருவருடைய முழங்கை பட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்ததும், எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. எழுந்து நின்றவர்கள் பேசினார்கள். பேசக் கூடாது என்று இன்னொரு சுற்றறிக்கை. தும்மல் வரும்போல் இருக்கிறவர்கள் முன்கூட்டியே வராந்தாவுக்குப் போய்விட வேண்டும் என்று மூன்றாவது. இதையெல்லாம் மேற்பார்வை பார்க்க ஒத்திசைவு அலுவலர் என்று ஒரு பதவியை உண்டாக்கி, அவருக்குத் தனி அறையும் ஒரு பித்தளை மணியும் கொடுத்திருந்தார்கள். கணினியைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. மணியை நன்றாக அடிப்பார்.

தராசம்மா முதல் தடவை அந்த அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி அடித்து முடித்திருந்த நேரம். கூடம் முழுக்க ஆட்கள் தலை குனிந்து நிற்பதைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு அவளும் நின்றாள். சற்றுப் பொறுத்துப் பக்கத்தில் நின்றவரிடம், "பாவம், யாருங்க தவறிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

"யாரும் தவறல. சிங்க் ஆயிட்டிருக்கு. பேசாதீங்க" என்றார் அவர், உதடு அசையாமல்.

தராசம்மா என்பது சந்தைக்காரர்கள் வைத்த பெயர். அந்தத் துறையின் ஒரு கிளையில் அவள் ஆய்வாளர். விடிந்ததும் பித்தளை எடைக்கற்கள் அடுக்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைக்குப் போய், கடை கடையாகத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைப்பது அவள் வேலை. தக்காளிக்காரர் ஒரு கிலோவுக்கு இருபது கிராம் குறைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். "சரக்கைப் பார்க்காதே, முள்ளைப் பார்" என்று வேலைக்குச் சேர்ந்தபோது சொல்லிக்கொடுத்ததை இன்றுவரை அவள் மீறியதில்லை.

அவள் வேலை பார்த்த ஊருக்கும் அவள் வீட்டுக்கும் பேருந்தில் பதினொரு மணி நேரம். வீட்டில் கணவன் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவன், இருக்கிற வாடிக்கையை விட்டுவிட்டு வர முடியாது. நாத்தனார் கூட இருந்ததால் நான்கு வயது மகளும் அங்கேதான் வளர்ந்தாள். விடியற்காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவள் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு ஓடுவாள்? பதினைந்து நாளுக்கு ஒரு முறை சனிக்கிழமை காலை போய் இறங்குவாள். மகள் வாசலுக்கு ஓடி வந்து, கட்டிக்கொள்வதற்கு முன்னால், "எத்தன நாள்மா?" என்று கேட்பாள். "ரெண்டு நாள் கண்ணு" என்றதும் இரண்டு விரலை நீட்டிக்கொள்வாள். சனிக்கிழமை படுக்கும்போது ஒரு விரலை மடக்குவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேருந்து நிலையத்தில் இன்னொன்றை மடக்கிவிட்டு, மூடிய கையை ஆட்டி வழியனுப்புவாள். அந்தச் சின்ன முஷ்டியைப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறுவது தராசம்மாவுக்கு ஒவ்வொரு முறையும் உயிர் போய் உயிர் வரும் சமாச்சாரம்.

துறையின் இடமாற்ற விதிகளில் ஏழாவது விதி அவளுக்காகவே எழுதியதுபோல் இருந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை உள்ள பெண் பணியாளரைக் குழந்தை இருக்கும் ஊருக்கு மாற்றலாம். விண்ணப்பித்தாள். இயக்குநர் ஒப்புதலும் கொடுத்துவிட்டார். மகளுக்கு ஐந்து முடிய இன்னும் எட்டு மாதம் இருந்தது. பணியிடப் பட்டியல் என்ற கோப்பில் அவள் பெயரைப் பழைய ஊரிலிருந்து எடுத்துப் புது ஊரில் போட்டுவிட்டால் ஆணை தானாக அச்சாகிவிடும். அதற்குத்தான் வந்திருந்தாள்.

பணியாளர் பிரிவு எழுத்தர் நல்ல மனிதர். அன்றைக்கே பெயரை மாற்றி அவளிடம் காட்டினார். "இதோ பாருங்க மேடம், உங்க ஊருக்கு வந்துட்டீங்க."

"அப்படியே ஒரு பிரிண்ட் குடுத்தீங்கன்னா..."

"சிங்க் ஆகாத கோப்பைப் பிரிண்ட் எடுக்கக் கூடாது மேடம். மூணு மணிக்கு ஆயிடும், இருங்க."

மூன்று மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் நின்றார்கள். ஒருவர் தும்மிக்கொண்டே வராந்தாவுக்கு ஓடினார். முக்கால் மணி நேரம் கழித்துப் பட்டியலைத் திறந்தால், அவள் பெயர் பழைய ஊரிலேயே உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் எழுத்தர், பெருமையாக. "நாப்பது மிஷின்லயும் ஒரே மாதிரி. ஒரு எழுத்து பிசகல."

"ஆனா தப்பா இருக்கே சார்."

"தப்பா இருந்தாலும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி தப்பா இருக்கு பாருங்க. முன்னெல்லாம் ஒவ்வொண்ணுல ஒவ்வொரு மாதிரி இருக்கும்."

அதன்பின் மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் பெயர் காலையில் புது ஊருக்குப் போய்ப் பிற்பகலில் பழைய ஊருக்குத் திரும்பி வந்தது. பதினொரு மணி நேரப் பயணத்தை இவ்வளவு சுலபமாகச் செய்கிறதே என்று அவளுக்குத் தன் பெயர்மேலேயே பொறாமையாக இருந்தது. இதற்காக அவள் எடுத்த விடுப்புகளும் அடுத்தடுத்த ஒத்திசைவில் அழிந்துபோயின. கோப்பின்படி அவள் தலைமை அலுவலகத்துக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை.

ஒத்திசைவு அலுவலரிடம் போய் முறையிட்டாள். அவர் மணியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"புகார் குடுங்க, பதிவேட்டுல ஏத்திடறேன். ஆனா ஒண்ணு சொல்றேன். எட்டு மாசமா நம்ம புகார்ப் பதிவேட்டுல ஒரு புகார்கூட கிடையாது. இயக்குநருக்கு மேலிடத்துலேர்ந்து பாராட்டுப் பத்திரமே வந்திருக்கு. நீங்க குடுத்தீங்கன்னா முதல் புகார் உங்களோடதாத்தான் இருக்கும். அந்தக் கெட்ட பேரு உங்களுக்கு வேணுமா?"

வேணும் என்று எழுதிக் கொடுத்தாள். மூன்று மணிக்குப் பிறகு பதிவேடு பழையபடி சுத்தமாக இருந்தது.

ஐந்தாவது முறை வந்தபோது இரண்டு மாதம் ஓடியிருந்தது. காலை ஒத்திசைவு நேரத்தில் எல்லாரும் தலை குனிந்து நிற்க, அவள் மட்டும் நிற்கவில்லை. சந்தையில் கடை கடையாகப் போவதுபோல் மேசை மேசையாகப் போனாள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் இருக்கிற தேதியைப் பார்த்தாள். புதியது எது, பழையது எது என்று கணினி எதை வைத்துச் சொல்கிறது? தேதியை வைத்துத்தானே! முப்பத்தொன்பது மேசைகள் சரியாக இருந்தன. நாற்பதாவது, மூலையில் தபால் பைகளுக்கு நடுவே இருந்த அனுப்புகைப் பிரிவின் மேசை. அந்தக் கணினி எல்லாரையும்விட ஆறு வருடம் முன்னால் இருந்தது.

"அண்ணே, உங்க மிஷின்ல தேதி தப்பா இருக்கு" என்றாள், மேசைக்குப் பின்னால் நின்ற அனுப்புகை எழுத்தரிடம்.

அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. யாரிடமும் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லாதவர். திரையை உற்றுப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒரு நாள் சும்மா இருந்தேன்மா. ரிட்டயர் ஆகற அன்னிக்கு என்ன கிழமை வருதுன்னு பாக்கலாம்னு அந்தத் தேதிப் பெட்டியைத் திறந்து வருஷத்தைத் தள்ளிப் பாத்தேன். புதன்கிழமை. மூடும்போது 'சரியா?'ன்னு கேட்டுச்சு. புதன்கிழமை சரிதானேன்னு ஆமான்னுட்டேன்."

"அதுக்கப்புறம் தேதியைப் பாக்கவே இல்லையா?"

"தேதி பாக்க சுவத்துல நாட்காட்டி இருக்கேம்மா."

மீதிக் கதையையும் அவரே சொன்னார். யாருக்கு எந்த ஊருக்குக் கடிதம் அனுப்புவது என்று தெரிந்துகொள்ள அவர் தினமும் காலையில் பணியிடப் பட்டியலைத் திறப்பார். மூடும்போது அது 'சேமிக்கவா?' என்று கேட்கும். கேட்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அவ்வளவுதான், அந்தக் கோப்பு ஆறு வருடம் புதியதாகிவிடும். மற்ற முப்பத்தொன்பது பேரும் நாள் முழுக்க என்னதான் மாற்றி எழுதினாலும் அவை எல்லாம் ஆறு வருடப் பழசு என்று கணினி தூக்கி எறிந்துவிடும். விடுப்பு, புகார், இடமாற்றம் என்று எல்லாக் கோப்புக்கும் இதே கதி. எட்டு மாதமாக அந்தத் துறையில் யார் செய்த எந்த வேலையும் மறுநாள் வரை உயிரோடு இருந்ததில்லை. சுற்றறிக்கை அடித்து அனுப்புவது அனுப்புகைப் பிரிவின் வேலை என்பதால், அவர் கணினியில் அடித்த சுற்றறிக்கைகள் மட்டும் பத்திரமாகத் தங்கின.

எட்டு மாதமாக இதை யாரும் கவனிக்கவில்லை என்பதுதான் தராசம்மாவுக்குப் புரியவே இல்லை. நேற்று செய்த வேலையே இன்றைக்கும் மேசைமேல் இருந்தால், வேலை நிறைய இருக்கிறது என்றுதானே நினைப்பார்கள் என்றார் அனுப்புகை எழுத்தர். அதுவும் சரிதான்.

"சரிண்ணே, என் பேரை இந்த மிஷின்லயே மாத்திடுங்களேன்."

"எனக்குத் திறக்க, மூடத்தான் அதிகாரம்மா. திருத்த அதிகாரம் பணியாளர் பிரிவுக்குத்தான்."

பணியாளர் பிரிவு எழுத்தரைக் கையோடு கூட்டி வந்தாள். அவர் வேறு பிரிவு நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றார்; விதி அப்படி. அவருடைய நாற்காலியையே இங்கே கொண்டு வரலாம் என்று யோசனை சொன்னாள். நல்ல யோசனை என்று ஒப்புக்கொண்டு, நாற்காலியை இடம் மாற்றத் தளவாடப் பட்டியலில் பதிவு செய்தார்கள். ஏவலர் நாற்காலியைத் தூக்கி வந்து வைத்தார். பதிவு ஒத்திசைந்த பிறகுதான் உட்கார வேண்டும் என்று எழுத்தர் நின்றுகொண்டே காத்திருந்தார். மூன்று மணிக்குத் தளவாடப் பட்டியல் பழையபடி ஆனது. ஏவலர் வந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"அப்போ தேதியைச் சரி பண்ணிடலாம். ரெண்டு நிமிஷ வேலை" என்று தராசம்மா சொன்னாள். அனுப்புகை எழுத்தரும் தலையாட்டிக்கொண்டே கையை நீட்டினார்.

"கையை எடுங்க!" என்று ஒரு சத்தம். ஒத்திசைவு அலுவலர் மணியோடு ஓடி வந்தார். "என்ன செய்யறீங்க? தேதியைப் பின்னாடி தள்ளப் போறீங்களா? அதுக்கு என்ன பேரு தெரியுமா? முன்தேதியிடல்! ஒரு கடுதாசில ஒரு நாள் முன்தேதி போட்டாலே வேலை போயிடும். நீங்க ஒரு கணினிக்கே ஆறு வருஷம் முன்தேதி போடப் பாக்கறீங்க!"

"தப்பான தேதியைச் சரியான தேதி ஆக்கறோம் சார்."

"எது சரி, எது தப்புன்னு முடிவு பண்றது குழுவோட வேலை."

குழு அமைத்தார்கள். அது ஒன்பது முறை கூடியது. ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பும் பிற்பகல் மூன்று மணிக்கு அழிந்துவிட்டதால், ஒவ்வொரு கூட்டமும் முதல் கூட்டமாகவே நடந்தது. ஒன்பது முறையும் வரவேற்புரை இருந்தது. பத்தாவது முறை இயக்குநரே வந்து உட்கார்ந்து, முடிவைச் சுற்றறிக்கையாக அனுப்புகைப் பிரிவில் நேரடியாக அடிக்கச் சொன்னார். அது நிலைத்தது. முடிவு இதுதான்: ஒரு கணினியைப் பின்னுக்கு நகர்த்துவது குற்றம், ஆகவே மற்ற முப்பத்தொன்பதையும் முன்னுக்கு நகர்த்துவது.

அதற்கு ஒரு விழா வைத்தார்கள். தராசம்மா ஆறாவது முறையாக வந்திருந்தாள். மகளுக்கு ஐந்து முடிய நான்கு மாதம் இருந்தது. இயக்குநர் மேடையேறினார். ஐம்பத்திரண்டு வயதுக்காரர், முழங்கையில் மடிப்புக் கலையாத சட்டை.

"நண்பர்களே! மத்த துறையெல்லாம் காலத்தோட ஒத்துப் போகணும்னு தவிக்குது. நம்ம துறை மட்டும்தான் காலத்துக்கு ஆறு வருஷம் முன்னாடி இருக்கு. இதை ஒரு சாதாரண அனுப்புகைப் பிரிவு நமக்குச் சாதிச்சுக் காட்டியிருக்கு. சிலர் கேட்டாங்க, இது பிழை இல்லையான்னு. பிழைங்கறது ஒருத்தர் மட்டும் பண்றது. எல்லாரும் சேர்ந்து பண்ணா அதுக்குப் பேரு கொள்கை!"

கைதட்டல். இயக்குநர் தண்ணீர் குடித்தார்.

"இன்னிலேர்ந்து எந்தக் கணினி எல்லாத்துக்கும் முன்னாடி நிக்குதோ, அதோட தேதியை மத்ததெல்லாம் தானாவே எடுத்துக்கும். பின்னாடி போறதுக்குத்தான் விசாரணை, தண்டனை எல்லாம். முன்னாடி போறதுக்கு இந்தத் துறையில யாரோட அனுமதியும் தேவையில்லை. இந்த மாற்றத்துனால வயசு வரம்பைத் தாண்டற சில மூத்த அலுவலர்கள் இன்னிக்கே ஓய்வு பெறுவாங்க. அவங்கள்ல ரெண்டு பேர் அடுத்த பதவி உயர்வுப் பட்டியல்ல எனக்கு மேல இருந்தவங்க. இதுல எனக்கு ரொம்ப வருத்தம். அந்த வருத்தத்தோடயே நான் அந்த உயர்வை ஏத்துக்கறேன்."

பதினோரு மணிக்கு மணி அடித்தது. நாற்பது கணினிகளும் ஆறு வருடம் தாண்டிக் குதித்தன. அச்சுப்பொறி பதினேழு ஓய்வு ஆணைகளைத் துப்பியது. அனுப்புகை எழுத்தருக்கும் ஒன்று வந்தது. கணினிப்படி அவர் ஓய்வு பெற்று ஏறக்குறைய ஒரு வருடம் ஆகிவிட்டதால், அத்தனை நாள் ஏன் அனுமதியின்றி வேலை செய்தார் என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணையும் கூடவே வந்தது.

தராசம்மாவுக்கு அதைப் பற்றி அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. இனி எல்லாத் தேதியும் ஒன்றுதானே, யார் எழுதினாலும் நிற்குமே! பணியாளர் பிரிவுக்கு ஓடினாள். எழுத்தர் அவள் பெயரைப் புது ஊருக்கு மாற்றினார். கணினி ஒரு கணம் யோசித்துவிட்டுச் சிவப்பில் ஒரு வரி எழுதியது.

"விதி ஏழுல வராதாம் மேடம். உங்க குழந்தைக்குப் பத்து வயசு ஆயிடுச்சு."

"அவளுக்கு நாலு வயசு சார்! நாலு வயசும் எட்டு மாசமும்!"

"பிறந்த தேதி நீங்க குடுத்ததுதான், இன்னிக்குத் தேதி இயக்குநர் குடுத்தது. கழிச்சுப் பாருங்க, பத்து வருது." அவர் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வருஷம் ஆறாவது சேக்கணும். நல்ல பள்ளிக்கூடமா இப்பவே பாத்து வெச்சுடுங்க."

தராசம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். குழந்தை இன்னும் பால் பல்லோடு இருக்கிறாள், இவர்கள் அவளுடைய ஆறு வருடத்தை ஒரு மணியை அடித்துத் தின்றுவிட்டார்கள். இருபது கிராமுக்காகத் தக்காளிக்காரருக்குத் தண்டம் போட்டது நினைவுக்கு வந்து அவளுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. அழுகை வந்தது. கொஞ்ச நேரம் நன்றாகவே அழுதாள்.

இரண்டரை மணிக்கு மாடிப்படியில் ஓய்வு பெற்றவர்களை வரிசையாக நிற்கவைத்துப் படம் எடுக்க அழைத்தார்கள். அனுப்புகை எழுத்தர் கழுத்தில் மாலையோடு அவளிடம் வந்தார்.

"கொஞ்சம் என் நாற்காலில உக்காருங்கம்மா. ஆள் இல்லாத மேசையில மிஷின் ஓடக் கூடாதாம், ஓய்வு பெற்ற மேசையில யார் வேணா உக்காரலாமாம். ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடறேன்." போகத் திரும்பியவர் நின்றார். "இன்னிக்குப் புதன்கிழமைகூட இல்லம்மா. வியாழக்கிழமை. வீட்டுல போய் என்ன பண்றதுன்னு இன்னும் யோசிக்கவே இல்ல. ஆறு வருஷம் இருக்கேன்னு விட்டுட்டேன்."

தராசம்மா உட்கார்ந்தாள். மூலையில் தேதி தெரிந்தது. தொட்டால் பெட்டி திறந்தது. பின்னால் தள்ளினால் குற்றம். சரி, தள்ள வேண்டாம்.

இடமாற்ற விதிகள் அவளுக்கு மனப்பாடம். பேருந்தில் வேறு என்ன படிப்பாள்? ஒன்பதாவது விதி ஒன்று இருந்தது. ஓய்வு பெற ஓராண்டுக்கும் குறைவாக உள்ள பணியாளருக்கு அவர் விரும்பும் ஊரிலேயே கடைசிப் பணியிடம் தர வேண்டும். 'தரலாம்' என்று இல்லை, 'தர வேண்டும்' என்றே இருந்தது. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. கணினிக் கணக்கில் இப்போது முப்பத்தொன்பது. ஓய்வு வயது அறுபது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். வருடத்தை இருபது முன்னால் தள்ளினாள். 'சரியா?' என்று கேட்டது. முன்னாடி போறதுக்கு யாரோட அனுமதியும் தேவையில்லை என்று காலையில்தான் கேட்டிருந்தாள். ஆம் என்றாள். பிறகு விதி ஒன்பதின் கீழ் நான்கு வரியில் ஒரு விண்ணப்பம் அடித்துக் கோப்புறையில் சேமித்தாள்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். தராசம்மாவும் நின்றாள். முதல் தடவையாக முழு மனதோடு நின்றாள்.

ஐந்தாவது நிமிடம் அச்சுப்பொறி ஓட ஆரம்பித்தது. நிற்கவே இல்லை. தாள் தீர்ந்து, இன்னொரு கட்டுப் போட்டு, அதுவும் தீர்ந்தது. பணியாளர் பிரிவு எழுத்தர் ஆணைகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர், தன் பெயரில் ஒன்றைப் பார்த்துவிட்டு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஒத்திசைவு அலுவலருக்கு ஒன்று. இயக்குநருக்கு ஒன்று.

இயக்குநர் ஆணையைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். "எனக்கே ஓய்வா? யார் போட்டது?"

"கணினி சார்" என்றார் ஒத்திசைவு அலுவலர்.

"நாப்பதுலயும் ஒரே மாதிரி இருக்கா?"

"ஒரு எழுத்து பிசகல சார்."

இயக்குநர் ஆணையை ஒருமுறை திருப்பிப் பார்த்தார். "அப்போ சரியாத்தான் இருக்கும்" என்றார். "நம்ம ஒத்திசைவு எவ்வளவு துல்லியம் பாருங்க. நான் ஆரம்பிச்சது. தேதியைப் பின்னாடி தள்ள முடியாதா?"

"குற்றம் சார். உங்க சுற்றறிக்கை."

"ஆமா, நல்ல சுற்றறிக்கை அது."

பணியாளர் பிரிவு எழுத்தர் மூப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தார். கிளைகளையும் சேர்த்துத் துறையில் மிஞ்சியது நான்கே பேர். போன வருடம் சேர்ந்த மூன்று புதியவர்கள், அவர்களோடு சந்தை ஆய்வாளர் ஒருத்தி. மிக மூத்தவர்தான் பொறுப்பு இயக்குநர். எழுத்தர் தலையைத் தூக்கித் தராசம்மாவைப் பார்த்தார். பார்த்தபடியே எழுந்து நின்றார். வழக்கப்படி மற்றவர்களும் எழுந்து நின்றார்கள்.

விண்ணப்பம் அவள் முன்னால் வந்தது. முத்திரையும் வந்தது. ஒத்திசைவு அலுவலருக்கு மட்டும் ஒரு சந்தேகம். "தனக்குத் தானே ஆணை போட்டுக்கலாமா சார்?" என்று பழைய இயக்குநரைக் கேட்டார்.

"தாராளமா போடலாம்" என்றார் அவர், முப்பது வருட அனுபவத்தோடு. "நான் எல்லா உயர்வும் அப்படித்தான் வாங்கினேன்."

தராசம்மா கையெழுத்துப் போட்டாள். போட்டு முடித்ததும் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தாள். ஆணையும் கையுமாக, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்கள். மாலை போட்ட அனுப்புகை எழுத்தர் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. பொறுப்பு இயக்குநர் என்ற முறையில் அவருடைய கணினியிலேயே இரண்டு வரிச் சுற்றறிக்கை ஒன்றை அவரையே அடிக்கச் சொன்னாள். ஓய்வு பெற்ற அனைவரும் மறு உத்தரவு வரும் வரை வழக்கம்போல் வேலைக்கு வரவும். மணி அடிக்க வேண்டாம்.

மறுநாள் எல்லாரும் வழக்கம்போல் வந்தார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டாள். ஓய்வு பெற்றதால் அலுவலக வேலையில் எந்த மாற்றமும் தெரியவில்லையாம். மணி இல்லாவிட்டாலும் பதினோரு மணிக்கு எழுந்து நிற்கிறார்களாம். பொறுப்பு இயக்குநர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாரும் கேட்கவில்லையாம்.

அவள் சனிக்கிழமை காலை எடைக்கல் பெட்டியும் இரண்டு பையுமாக வீட்டு வாசலில் இறங்கினாள். கணவன் ஆணையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தான். "அம்பத்தொன்பது வயசா? பாத்தா தெரியல" என்றான். "கையெழுத்து யாரோடது? உன்னோடது மாதிரியே இருக்கு."

"என்னோடதுதான்."

"நல்ல மேலதிகாரி போல" என்றாள் நாத்தனார் உள்ளேயிருந்து.

மகள் ஓடி வந்தாள். "எத்தன நாள்மா?"

"இனிமே எண்ண வேண்டாம் கண்ணு. அம்மா இங்கதான்."

குழந்தை அதை நம்பவில்லை. இப்படிச் சொல்கிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இரண்டு விரலை நீட்டிக்கொண்டாள். சனிக்கிழமை ஒன்றை மடக்கினாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யாரும் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பாதபோதும், ஒழுங்காக இன்னொன்றையும் மடக்கிவிட்டுத் தூங்கிப்போனாள்.

திங்கட்கிழமை காலை எழுந்து வந்தவள் அடுக்களை வாசலில் நின்றாள். அம்மா அடுப்புக்கு முன்னால் தலையைக் கோதி முடிந்துகொண்டிருந்தாள். குழந்தை அம்மாவைப் பார்த்தாள், மூலையில் காலியாகக் கிடந்த பையைப் பார்த்தாள், பிறகு மூடியிருந்த தன் கையைப் பார்த்தாள். எங்கேயோ கணக்குத் தப்பிவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் ஐந்து விரலையும் விரித்துவிட்டு, முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.